பொருள்: ராஜசாரஸ் – சுவர்ப்படத்துக்குத் தமிழ்ப்பெயர் (அவசரம்)

இரண்டாம் வகுப்புச் சுவர்ப்படம் நாளை மாலை அச்சுக்குப் போகிறது. ராஜசாரஸ் நர்மதென்சிஸ் என்ற டைனோசர் படத்தின் கீழ் பத்தெழுத்துக்கு மேல் இடமில்லை. ஊனுண்ணி; நெற்றியில் குட்டைக் கொம்பு; நீளம் ஏறத்தாழ 7 மீட்டர். எலும்புகள் கிடைத்தது குஜராத்தின் ராகியோலியில், 1980களில், பெயரிட்டது 2003இல். 'அரசப்பல்லி' சரியா?
– வடிவமைப்பு

> அரசப்பல்லி

பல்லிக்குக் கால்கள் பக்கவாட்டில் விரியும். இதற்கு உடலின் நேர்கீழே. உறவு பார்த்தால் கோழிதான் நெருக்கம். 1842இல் விலங்கியலாளர் ஓவன் 'டைனோசர்' என்ற பெயருக்குள் பல்லியை ('சாரஸ்') வைத்தார் என்பதற்காக நாமும் சுமப்பானேன்? இன்னொரு சிக்கல்: 'ரெக்ஸ்' என்றாலும் அரசன்தான். நாளை டைரனோசரஸ் ரெக்ஸ் படம் வந்தால் எந்த அரசன் என்று பிள்ளைகள் கேட்பார்கள்.
– விலங்கியல்

குறுந்தொகை 140: 'வேதின வெரிநின் ஓதி முதுபோத்து'. வேதினம் ஈர்வாள், வெரிந் முதுகு. அரசு + ஓதி = அரசோதி, உக்குறள் மெய்விட்டோடியது (அரசு என்பதன் கடைசி உகரம் மறைந்தது). நான்கே எழுத்து!
– புலவர்

ஓதியும் ஓணான்தானே ஐயா? கூந்தலுக்கும் அதே சொல். 'அரசோதி' அருட்சோதிக்குத் தங்கைபோல ஒலிக்கிறது.
– விலங்கியல்

டைனோசருக்குத் தொன்மா (பழைய விலங்கு) என்ற சொல் இருக்க ஏன் ஓணான்? அரசமா என்று வையுங்கள்.
– க.

எங்கட பக்கம் மா என்றால் புட்டு அவிக்கிற மா. பிள்ளையள் அரிசிமா என்றுதான் வாசிக்குங்கள்.
– யாழ்ப்பாணத்திலிருந்து

பெயர்ச்சொல்லை மொழிபெயர்த்தால், பெரிய வகுப்பில் அதே விலங்கை வேறு பெயரில் மறுபடி படிக்க நேரும். ஒலிபெயர்ப்பே போதும். ஆனால் வடவெழுத்தை விலக்கச் சொல்கிறது தொல்காப்பியம், 'வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ': ராசசாரசு. ஜ, ஸ் இரண்டிலும் சின்னப் பிள்ளைகள் தடுக்குவார்கள். 'சோரசு' மட்டும் வேண்டாம். சோரம் நினைவுக்கு வரும்.
– ம.

ராஜாவை வீட்டில் எல்லாப் பிள்ளையும் சொல்கிறது. ஜ இருக்கட்டும்.
– விலங்கியல்

நான்கு பேர் ஒலிபெயர்ப்புப் பக்கம். 'ராஜசாரஸ்' பெரிதாக, அடியில் சிறிதாக 'நர்மதைப் பக்கத்து ஊனுண்ணி'. கிரந்தத்துக்கு ம. அவர்களின் மறுப்பைக் குறித்துக்கொண்டேன். பின்பக்கத்தில் ஆசிரியருக்கு ஒரு குறிப்பு: 7 மீட்டர்க் கயிற்றைத் தரையில் நீட்டிப் பிள்ளைகளை அதன் ஓரமாகப் படுக்கவைக்கலாம். வகுப்பறையில் இடம் போதாது, திடலில் செய்யவும். ஓவியருக்கு: கொம்பு காண்டாமிருகத்துக்குப்போல மூக்கு நுனியில் வந்திருக்கிறது, நெற்றிக்கு ஏற்றவும்.
– வடிவமைப்பு

அச்சு போகட்டும். வெரிந் 'ந்' என்று முடியும் நகர ஈற்றுச் சொல். இவ்வீறு வேறு எங்கும் அரிது. வெரிந் + குறை சேரும்போது வெரிங்குறை, வெரிக்குறை என்ற இரு வடிவையும் தொல்காப்பிய உரைகாரர் காட்டுவர். அந்த நீண்ட முதுகைப் பார்த்த பின்னும் 'வெரிநோதி' என்று யாருக்கும் தோன்றவில்லையா?
– புலவர்