கடைக்காரர் சொன்ன கிராபிக்ஸ் கார்டுதான் கணினியில் இருக்கிறதா என்று எப்படி உறுதி செய்வது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். அனிமேஷன் படிக்கும் என் தங்கைக்காகச் சென்ற மாதம் பழைய மேசைக் கணினி ஒன்றை வாங்கினேன். அதில் என்விடியா ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 4 ஜிபி கார்டு இருப்பதாகக் கடைக்காரர் சொன்னார். டிவைஸ் மேனேஜரில் 'டிஸ்பிளே அடாப்டர்ஸ்' பகுதியிலும் அதே பெயர்தான் இருக்கிறது. ஆனால் பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருளின் புதிய பதிப்பில் குடா (என்விடியா கார்டைக் கணக்கீட்டுக்குப் பயன்படுத்தும் வசதி) பட்டியல் காலியாக உள்ளது. என்விடியா தளத்திலிருந்து இறக்கிய புதிய டிரைவரோ, பொருத்தமான கார்டு எதுவும் இல்லை என்று கூறி நின்றுவிடுகிறது. கடையில் கொடுத்த குறுவட்டிலுள்ள டிரைவரைப் போட்டால் மட்டுமே திரை ஒழுங்காக வருகிறது. உண்மையில் இது எந்த வகைக் கார்டு என்பதை எப்படி அறிவது?

மறுமொழி 1

வணக்கம் நண்பரே. முதலில் மானிட்டர் கேபிள் மதர்போர்டில் செருகப்பட்டிருக்கிறதா, கார்டில் செருகப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பலருக்கு அங்கேதான் குழப்பம் வருகிறது. டாஸ்க் மேனேஜரின் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் ஜிபியு 0, ஜிபியு 1 என இரண்டு தெரிந்தால், ஒன்று பிராசஸருடன் வந்தது, மற்றது தனிக் கார்டு என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

அடுத்து, டிவைஸ் மேனேஜரில் கார்டின் பெயர் மீது வலச்சொடுக்கிட்டு, 'பிராப்பர்ட்டீஸ்', 'டீட்டெயில்ஸ்' வழியாக 'ஹார்ட்வேர் ஐடிஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'வென்' என்பதற்குப் பின்னால் வரும் நான்கு இலக்கங்கள் தயாரிப்பாளரைக் குறிக்கும்: 10டிஇ என்றால் என்விடியா, 1002 என்றால் ஏஎம்டி, 8086 என்றால் இன்டெல். (1978இல் வெளிவந்த தன் புகழ்பெற்ற பிராசஸரின் எண்ணையே இன்டெல் தன் அடையாளமாக வைத்துக்கொண்டது.) 'டெவ்' என்பதற்குப் பின்னால் இருப்பது சிப்பைக் குறிக்கும் எண், மேசைக் கணினிக்கான 1050 டிஐ கார்டுக்கு அது 1சி82.

மறுமொழி 2

மேலே நண்பர் சொன்னது சரியே, ஆனால் இந்த அறிகுறிகளைப் பார்த்தால் எனக்கு வேறொரு கவலை எழுகிறது. கார்டின் பெயர் அதிலுள்ள பயாஸில் (கார்டிலேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளில்) எழுதி வைக்கப்பட்ட வெறும் சொல்தான். அதை மாற்றி எழுதிவிட முடியும். 2010, 2011 காலத்து ஜிடிஎஸ் 450, ஜிடிஎக்ஸ் 550 டிஐ போன்ற ஃபெர்மி என்ற பழைய தலைமுறைக் கார்டுகளின் பயாஸை மாற்றி 1050 டிஐ என்று விற்பது வெகுநாளாக நடந்துவரும் மோசடி. ஃபெர்மி கார்டுகளுக்குப் புதிய டிரைவர்கள் வெளியிடுவதை என்விடியா 2018இல் நிறுத்தியது. பிளெண்டரும் 2019இல் வந்த 2.80 பதிப்பிலிருந்து அவற்றை விட்டுவிட்டது. நீங்கள் சொன்ன இரண்டு தொல்லைகளுக்கும் காரணம் இதுவாகவே இருக்கக்கூடும்.

ஜிபியு-இசட் என்ற சிறிய இலவச மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி இயக்குங்கள். பெயரை விட்டுவிட்டு, சிப்பின் குறியீட்டையும், ஷேடர்களின் (சிப்பிலுள்ள சிறு கணக்கீட்டு அலகுகளின்) எண்ணிக்கையையும், சிப்பின் தயாரிப்பு நுட்ப அளவையும் பாருங்கள். உண்மையான 1050 டிஐ என்றால் ஜிபி107, 768 ஷேடர்கள், 14 நானோமீட்டர் என்று காட்டும். ஜிஎஃப்106 அல்லது ஜிஎஃப்116, 192 ஷேடர்கள், 40 நானோமீட்டர் என்று வந்தால் உங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்று பொருள்.

கேட்டவர்

மிக்க நன்றி. கேபிள் கார்டில்தான் செருகப்பட்டிருக்கிறது. ஜிபியு-இசட் திறந்ததும் பெயருக்கு முன்னால் சதுர அடைப்புக்குறிக்குள் 'ஃபேக்' என்று காட்டியது. ஜிஎஃப்116, 192 ஷேடர்கள். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியும் பார்த்தேன். மின்விசிறியின் நடுவில் புத்தம்புதிய 1050 டிஐ ஒட்டுத்தாள் பளபளக்கிறது, ஆனால் அதன் இறக்கைகளின் ஓரங்களிலும் ஹீட்சிங்க்கின் இடுக்குகளிலும் பழைய தூசி கெட்டியாகப் படிந்திருக்கிறது. பின்பக்கம் நீல நிற விஜிஏ துளை ஒன்றும் உள்ளது. தங்கையிடம் இதை எப்படிச் சொல்வதென்றே தெரியவில்லை.

மறுமொழி 3

வருந்தாதீர்கள், இதில் உங்கள் தவறு எதுவுமில்லை. அந்த நீலத் துளையும் ஒரு தடயம்தான்: 1050 டிஐ சிப்பிலிருந்து அனலாக் சமிக்ஞை நேரடியாக வெளிவராது என்பதால், விஜிஏ துளையைக் கண்டாலே சந்தேகப்பட வேண்டும். 4 ஜிபி என்று காட்டும் நினைவகத்தையும் நம்ப வேண்டாம். இத்தகைய கார்டுகளில் உண்மையான அளவு குறைவாக இருப்பதுண்டு. ஒரு மென்பொருள் அந்த அளவைத் தாண்டும்போது திரை சிதறும் அல்லது கணினி உறைந்துவிடும்.

பயாஸை மாற்றிச் சரிசெய்ய முயலாதீர்கள். அப்படிச் செய்தால் மோசடிக்கான சான்றை நீங்களே அழித்தவர் ஆவீர்கள். ஜிபியு-இசட் திரையைப் படமெடுத்து, பில்லுடன் கணினியையும் கொண்டுபோய், கடைக்காரர் முன்னாலேயே அதை இயக்கிக் காட்டுங்கள். மாற்றுக் கார்டு கொடுத்தால் அதையும் அங்கேயே இதேபோல் சோதித்துவிட்டு வாங்குங்கள். அதுவரை தங்கையின் பயிற்சி நிற்க வேண்டியதில்லை: பிளெண்டரில் சைக்கிள்ஸ் ரெண்டரை (இறுதிப் படத்தை உருவாக்கும் பகுதியை) 'சிபியு', அதாவது பிராசஸர், என்று மாற்றி வைத்தால், நேரம் கூடுதலாகப் பிடித்தாலும் படம் அதே தரத்தில் வரும்.