மாரோவிண்ட் முதல்முறை ஆட எது சரி: ஓப்பன்எம்டபிள்யூவா, பழைய எஞ்சினா?

வடபழனி_வில்லாளி | சனி, இரவு 9:05

மாரோவிண்ட் (2002-ல வந்த ரோல்-பிளே கேம்) முதல்முறையா ஆடப் போறேன். மெஷின் ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கின பழைய ஆபீஸ் பிசி: ஐ5-6500, 8 ஜிபி ராம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, 1080பி மானிட்டர், விண்டோஸ் 10. கேம் ஸ்டீம்ல இருக்கு, டிரிப்யூனல், பிளட்மூன்னு ரெண்டு கூடுதல் தொகுப்பும் சேர்த்து. இன்னும் ஒரு மாட்கூட (ரசிகர்கள் செஞ்ச மாற்றம்) போடல. பாதிப் பேர் புதுசா எழுதின எஞ்சினான ஓப்பன்எம்டபிள்யூ போதும்னு சொல்றாங்க. மீதிப் பேர் பழைய எஞ்சின்தான், ஆனா எம்ஜிஇ எக்ஸ்இ (கிராபிக்ஸ்), எம்டபிள்யூஎஸ்இ (ஸ்கிரிப்ட்), கோட் பேட்ச் (பிழை திருத்தம்) மூணும் இல்லாம தொடாதேன்னு சொல்றாங்க. எது, ஏன்?

கொளத்தூர்_குறுவாள் | 9:22

உங்க மெஷினுக்கு ஓப்பன்எம்டபிள்யூ, ப்ரோ.

2002-ல வந்த எஞ்சின் 32-பிட், டைரக்ட்எக்ஸ் 8 காலத்துச் சரக்கு. ஓப்பன்எம்டபிள்யூ அதுக்கு மேல ஒட்டுற பிளாஸ்திரி இல்ல. எஞ்சினையே முதல்லேர்ந்து திறந்த மூலத்துல எழுதியிருக்காங்க. கதை, படம், குரல் எல்லாம் நீங்க காசு கொடுத்து வாங்கின ஃபைல்லேர்ந்துதான் எடுக்கும், அதனால ஒரிஜினல் கேம் கட்டாயம் வேணும்.

லாஞ்சரைத் திறந்தா விஸார்டு வரும். ஏற்கெனவே இன்ஸ்டால் ஆன கேம்னு சொல்லி கேமோட முதன்மை டேட்டா ஃபைலான மாரோவிண்ட்.இஎஸ்எம் இருக்கிற இடத்தைக் காட்டுங்க. மொழி கேக்கும்போது ஆங்கிலம்னு கொடுங்க, எழுத்துக் குறியீட்டை அதை வெச்சுத்தான் எடுத்துக்கும். மூணு இஎஸ்எம்மையும் மாரோவிண்ட், டிரிப்யூனல், பிளட்மூன் வரிசையில டிக் பண்ணிட்டா கேம் ஓடும். அவ்வளவுதான்.

மாட் போடுறப்பதான் இதோட அருமை தெரியும். ஒவ்வொரு மாட்டையும் தனி ஃபோல்டர்ல பிரிச்சு வெச்சு, லாஞ்சர்ல டேட்டா டைரக்டரி பட்டியல்ல சேர்த்தாப் போதும். ஒரே பேர்ல ரெண்டு ஃபைல் இருந்தா பட்டியல்ல கீழ இருக்கிறது ஜெயிக்கும். ஒரிஜினல் டேட்டா ஃபைல்ஸ் ஃபோல்டர்ல ஒரு பைட்டுகூட மாறாது. மாட் பிடிக்கலைன்னா அந்த வரியை எடுத்துடலாம்.

செட்டிங்: கேமோட நிலம் செல்னு சதுரம் சதுரமா பிரிஞ்சிருக்கு. ஒரு வெளிப்புற செல் 8192 யூனிட் அகலம். எஞ்சின்ல இயல்பா இருக்கிற பார்வைத் தூரம் 7168, அதாவது ஒரு செல்கூட முழுசா இல்ல. அதனாலதான் எப்பவும் மூடுபனிக்குள்ள நடக்கிற மாதிரி இருக்கும். டிஸ்டன்ட் லேண்டை ஆன் பண்ணி 3 செல் வைங்க, ஓட்டம் நல்லா இருந்தா 4. நிழலை ஆஃப் பண்ணுங்க. தண்ணி பிரதிபலிப்பை வானம் அல்லது நிலத்தோட நிறுத்துங்க. ரெண்டுமே காட்சியை இன்னொரு தடவை வரைய வைக்கிற வேலை, உள்ளேயே இருக்கிற கிராபிக்ஸ் அதைத் தாங்காது. ஃப்ரேம் வரம்பு 60. இல்லைன்னா சின்ன அறைக்குள்ள நின்னாலே தேவையில்லாம நூத்துக்கணக்குல ஃப்ரேம் வரையும், மே மாச வெயில்ல கேபினட் கொதிக்கும்.

மயிலை_மந்திரவாதி | 9:48

குறுவாள் சொன்ன செட்டிங் எல்லாம் சரி. முடிவில் எனக்கு உடன்பாடு இல்லை.

பழைய கேமுக்கு உயிர் கொடுப்பது என்றால், கிராஷ் ஆகாமல் ஓட வைப்பது பாதி வேலைதான். மீதி பாதி எம்டபிள்யூஎஸ்இ தந்தது. அது எஞ்சினுக்குள் லுவா என்ற நிரல்மொழி ஸ்கிரிப்டைக் கொண்டுவந்த பிறகுதான், சரக்குப் பட்டியலில் தேடும் வசதி தரும் யுஐ எக்ஸ்பான்ஷன், பசி, குளிர், கூடாரம் என்று பயணத்தையே வேறொன்றாக மாற்றும் ஆஷ்ஃபால் எல்லாம் வந்தன. இவை ஓப்பன்எம்டபிள்யூவில் ஓடாது. அங்கே 0.48 பதிப்பிலிருந்து தனி லுவா இருக்கிறது, ஆனால் இரண்டும் வேறு வேறு. ஒன்றுக்கு எழுதியதை அப்படியே மற்றதில் போட முடியாது.

வில்லாளி, பழைய எஞ்சின் வழியில் செய்வதானால் வரிசை முக்கியம். ஸ்டீம் லைப்ரரியை புரோகிராம் ஃபைல்ஸுக்கு வெளியே வையுங்கள். உள்ளே இருந்தால் விண்டோஸ் பாதுகாப்பு சில ஃபைல்களைச் சத்தமில்லாமல் வேறு இடத்துக்குத் திருப்பிவிடும், மாட் போட்டும் போடாதது போலவே இருக்கும். பிறகு கேமை ஒருமுறை திறந்து மூடுங்கள், ரெஜிஸ்ட்ரியில் பதிவு உண்டாக. அதன்பின் எம்ஜிஇ எக்ஸ்இ, அதனோடு எம்டபிள்யூஎஸ்இ, அதை ஒருமுறை அப்டேட் செய்யுங்கள். கோட் பேட்ச் எக்ஸிஇ ஃபைலையே மாற்றி எழுதும், ஆகவே முதலில் அதற்கு ஒரு நகல். கோட் பேட்சில் எல்லாப் பெட்டியையும் டிக் செய்யாதீர்கள். பிழை திருத்தம் தனி, ஆட்டத்தின் சமநிலையை மாற்றுவது தனி. விளக்கத்தை வாசித்துத் தேர்ந்தெடுங்கள்.

கடைசியில் எம்ஜிஇ எக்ஸ்இயில் தொலைதூர நிலத்தை உருவாக்குங்கள்.

கொளத்தூர்_குறுவாள் | 10:03

அந்தக் "கடைசியில்"தான் சிக்கலே, சார். நிலத்தை மாத்துற மாட் ஒண்ணு சேர்த்தாலும் அதைத் திரும்ப உருவாக்கணும். மறந்தா தூரத்துல ஒரு மலை தெரியும், கிட்டப் போனா அங்க ஊர் இருக்கும். மாட் ஆர்கனைசர் 2 (மாட்களை நிர்வகிக்கிற டூல்) வெச்சிருக்கிறவங்க எம்ஜிஇ எக்ஸ்இயை அதுக்குள்ளேர்ந்து திறக்கலைன்னா மாட் எதுவுமே அதோட கண்ணுக்குத் தெரியாது. ஓப்பன்எம்டபிள்யூ ஓடும்போதே தூரத்தை வரையுது, தனியா உருவாக்குற வேலையே இல்ல.

இன்னொண்ணு. பழைய எஞ்சின்ல பிளகின் (மாட்டோட இஎஸ்எம், இஎஸ்பி ஃபைல்) ஏத்துற வரிசை எதை வெச்சு? ஃபைல் கடைசியா மாறின தேதியை வெச்சு. ஜிப்பைத் திரும்பப் பிரிச்சா, ஒரு இஎஸ்பியைத் திறந்து சேவ் பண்ணினா, வரிசை கலையும். எர்ரர் எதுவும் வராது, முப்பது மணிநேரம் ஆடின பிறகு ஒரு குவெஸ்ட் உடையும்போதுதான் தெரியும். புதுசா வர்றவருக்கு இதெல்லாம் எதுக்கு? ஓப்பன்எம்டபிள்யூல வரிசை சிஎஃப்ஜி செட்டிங் ஃபைல்ல வரிவரியா இருக்கு, நோட்பேட்ல படிக்கலாம்.

மயிலை_மந்திரவாதி | 10:15

தேதி வரிசை விஷயம் உண்மை. அதற்குத்தான் மாட் மேனேஜர், அது தேதியைத் தானே சீர் செய்யும்.

ஆனால் உங்கள் பக்கத்துக் குறையையும் சொல்ல வேண்டும். ஓப்பன்எம்டபிள்யூ, மாட்டுக்குள் இருக்கும் தொகுத்த ஸ்கிரிப்டைப் பயன்படுத்துவதில்லை, மூல எழுத்திலிருந்து மறுபடி தொகுக்கிறது. 2003, 2004 காலத்து மாட்களில் பிழையான வரிகள் ஏராளம். பழைய எஞ்சின் அவற்றைப் பொறுத்துக்கொண்டது. இது பொறுக்காமல் போகும்போது அந்த ஸ்கிரிப்ட் மட்டும் ஓடாது. கதவு திறக்காது, ஆள் பேசமாட்டார். பழைய மாட்களை மீட்க வேண்டும் என்று பேசுகிற நாம், அந்தக் காலத்து மாட்கள் எந்த எஞ்சினில் முழுசாக ஓடுகின்றன என்றும் பார்க்க வேண்டாமா?

வடபழனி_வில்லாளி | 10:31

ரெண்டு பேருக்கும் நன்றி. இன்னொரு கேள்வி. இதுல கத்தி எதிரி மேல பட்டாலும் அடி விழாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. எப்பவும் அடி விழுற மாட் இருக்காமே, அதை முதல்லயே போட்டுக்கலாமா? அப்புறம் தமிழ் எழுத்து வர வைக்க முடியுமா?

பெரம்பூர்_பாணன் | 10:58

அந்த மாட்டைப் போடாதீங்க தம்பி. எஞ்சின் சண்டையை விட இது பெரிய விஷயம், கணக்கோட சொல்றேன்.

அடி விழும் வாய்ப்பு = (ஆயுதத் திறன் + அஜிலிட்டியில் ஐந்தில் ஒரு பங்கு + லக்கில் பத்தில் ஒரு பங்கு) × (0.75 + 0.5 × இப்போதைய ஃபட்டீக் ÷ முழு ஃபட்டீக்). (ஃபட்டீக்னா உடம்புத் தெம்பு, திரையில பச்சைக் கோடு.) அந்த வாய்ப்பிலிருந்து எதிரி விலகும் அளவைக் கழிக்கணும். அதுக்கும் இதே கணக்கு, ஆயுதத் திறன் மட்டும் இல்லாம.

லாங் பிளேடு (நீள்வாள் திறன்) 30, அஜிலிட்டி 40, லக் 40-னு வெச்சுக்குங்க. எதிரிக்கும் 40, 40, அவன் ஃபட்டீக் முழுசு. பச்சைக் கோடு முழுசா இருந்தா உங்களுக்கு 52.5, அதுல 15 போக 37.5 சதவீதம். பச்சைக் கோடு காலியா இருந்தா 31.5-ல 15 போக 16.5. அதே ஆள், அதே கத்தி. ஓடி வந்தாரா, நடந்து வந்தாரா என்பது மட்டும்தான் வித்தியாசம்.

ஓடினா சுமையைப் பொறுத்து விநாடிக்கு 5 முதல் 7 வரை ஃபட்டீக் போகும். நின்னா விநாடிக்கு 2.5-ம், எண்டூரன்ஸில் நூத்துக்கு 2-ம் திரும்பும். எண்டூரன்ஸ் 40 என்றால் 3.3. முழு ஃபட்டீக் 160 உள்ள ஆளுக்குக் காலியிலிருந்து நிரம்ப 48 விநாடி. புதுசா ஆடுறவங்க நண்டைப் பார்த்ததும் ஓடிப்போய்க் குத்துறாங்க, படலைன்னு கேமைத் திட்டுறாங்க.

அதைவிட மோசம் ஆட்டம் தொடங்குற செய்டா நீன் ஊர் ஆபீஸ்ல மேஜை மேல கிடக்கிற குறுங்கத்தி. லாங் பிளேடு தேர்ந்தெடுத்தவர் அதை எடுத்தா ஷார்ட் பிளேடு திறன் 5 தான் இருக்கும். முழு ஃபட்டீக்கில் 6.25 சதவீதம். காலி ஃபட்டீக்கில் பூஜ்யம்! வெளியே வரும்போது கையில் 87 காசு இருக்கும், நேரா அர்ரில் கடைக்குப் போய் உங்க திறனுக்கு ஏத்த ஆயுதம் வாங்குங்க.

இப்ப "எப்பவும் அடி விழும்" மாட் என்ன செய்யுது? இந்த கேம்ல ஆயுதத் திறன் அடியின் பலத்தைக் கூட்டாது. பலம் ஸ்ட்ரெங்த்லேர்ந்தும் ஆயுதத்தோட நிலைமையிலேர்ந்தும் வருது. திறனுக்கு இருக்கிற ஒரே வேலை அடியைப் படவைக்கிறது. அதை எடுத்துட்டா திறன் என்ற எண்ணே வெத்து. விலகும் மந்திரமும் வெத்து. பட்ட அடிக்குத்தான் திறன் வளரும் என்பதால் அதுவும் தாறுமாறா ஏறும். தூணை உருவிட்டு மண்டபத்துக்கு வெள்ளை அடிக்கிற வேலை இது.

மயிலை_மந்திரவாதி | 11:12

பாணன் ஐயா, கணக்கு அத்தனையும் சரி. ஆனால் எல்லா மாட்டும் தூணை உருவுவதில்லை. தவறும் வாய்ப்பை எடுத்துவிட்டு, அதற்குப் பதில் திறனுக்கு ஏற்ப அடியின் பலத்தைக் கூட்டிக் குறைக்கும் மாட்கள் எம்டபிள்யூஎஸ்இயில் உண்டு. திறன் 5 என்றால் படும், ஆனால் கீறல்தான். விதியின் நோக்கம் நிற்கிறது, கண்ணுக்கும் கைக்கும் உள்ள முரண் போகிறது. 2002-ஐ அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் வைப்பதா புத்துயிர்?

பெரம்பூர்_பாணன் | 11:20

அது நேர்மையான மாட், ஒத்துக்கிறேன். இரண்டாம் முறை ஆடும்போது போடட்டும். மூல விதியைத் தெரிஞ்சுக்காம மாத்துறதுக்குத்தான் நான் எதிர்ப்பு. முதல்முறைக்கு பேட்ச் ஃபார் ப்யூரிஸ்ட்ஸ் ஒண்ணு போதும், அது உடைஞ்ச குவெஸ்ட், தப்பான எழுத்து மாதிரி பிழைகளை மட்டும் திருத்தும்.

கொளத்தூர்_குறுவாள் | 11:26

தமிழ் கேட்டீங்களே. கேமோட உரை ஒரு எழுத்துக்கு ஒரு பைட்னு விண்டோஸ் 1252 குறியீட்டுல இருக்கு. ஓப்பன்எம்டபிள்யூ இந்த இஎஸ்எம், இஎஸ்பி ஃபைல்களுக்கு 1250, 1251, 1252 மூணைத்தான் ஏத்துக்கும். தமிழுக்கு அதுல இடமே இல்ல. இடம் கிடைச்சாலும் "கொ" மாதிரி எழுத்துல கொம்பு முன்னால, கால் பின்னால வரணும், அப்படி மாத்தி அடுக்கத் தெரிஞ்ச எழுத்து வரைவு வேணும். நானும் இது நடக்கணும்னு ரொம்ப ஆசைப்படுறேன். ஃபான்ட் மாத்துறதால மட்டும் முடியிற வேலை இல்ல.

எண்ணூர்_இரவு | ஞாயிறு, காலை 7:40

இடையில ஒரு சந்தேகம். ஓப்பன்எம்டபிள்யூல டாம்ரியல் ரீபில்ட்னு புது நிலம் சேர்க்கிற மாட் போட்டேன். புது ஊருக்குப் போனா வீடு இருக்கிற இடத்துல எல்லாம் மஞ்சள் ஆச்சரியக்குறி நிக்குது.

கொளத்தூர்_குறுவாள் | 7:52

பிஎஸ்ஏ (மாடல், டெக்ஸ்சர் எல்லாம் கட்டிவெச்ச ஆர்கைவ் ஃபைல்) பதிவு விட்டுப்போச்சு. மஞ்சள் குறின்னா மாடல் ஃபைல் கிடைக்கல, இளஞ்சிவப்பா தெரிஞ்சா டெக்ஸ்சர் கிடைக்கல. அந்த மாட்டுக்குத் தேவையான டாம்ரியல் டேட்டா கூட வந்த பிஎஸ்ஏக்களை லாஞ்சர்ல ஆர்கைவ் பட்டியல்ல டிக் பண்ணுங்க. டாம்ரியல் டேட்டா இஎஸ்எம் மேல, டிஆர் மெயின்லேண்ட் இஎஸ்எம் அதுக்குக் கீழ. வேற மாட்டும் நிறைய இருந்தா டெல்டா பிளகின்ங்கிற டூலை ஓட்டி ஒரு மெர்ஜ் ஃபைல் செஞ்சு கடைசியில வைங்க. இல்லைன்னா ஒரே லெவல் லிஸ்ட்டை (உங்க லெவலுக்கு ஏத்த சரக்குப் பட்டியல்) ரெண்டு மாட் தொட்டிருந்தா கடைசி மாட்டோட சரக்கு மட்டும்தான் கடையிலயும் குகையிலயும் வரும்.

மயிலை_மந்திரவாதி | 8:10

பழைய எஞ்சினிலும் அதே பதிவு, மாரோவிண்ட்.ஐஎன்ஐ ஃபைலில் ஆர்கைவ்ஸ் பகுதியில். மெர்ஜ் செய்ய டெஸ்3சிஎம்டி என்ற கருவியின் மல்ட்டிபேட்ச். 2001-ல், கேம் வெளிவருவதற்கு முன்பே தொடங்கிய திட்டம் டாம்ரியல் ரீபில்ட். இன்றும் புது நிலம் வந்துகொண்டிருக்கிறது. இரண்டு எஞ்சினிலும் ஓடும்படி அதைப் பேணுகிறார்கள். நம் இரு தரப்பும் கும்பிட வேண்டிய வேலை.

வடபழனி_வில்லாளி | 8:31

ஓப்பன்எம்டபிள்யூ, பேட்ச் ஃபார் ப்யூரிஸ்ட்ஸ், 3 செல், நிழல் ஆஃப். லாங் பிளேடு மேஜர் (முதன்மைத் திறன்), நடந்துதான் போகப் போறேன். அப்புறமா ஆஷ்ஃபால் ஆசை வந்தா இதே சேவ் ஃபைலை எடுத்துட்டு பழைய எஞ்சினுக்கு மாறலாமா?

மயிலை_மந்திரவாதி | 8:40

முடியாது. சேவ் ஃபைல் வடிவம் வேறு, அங்கே புது ஆளாகத்தான் தொடங்க வேண்டும். அதற்காக கேமை மறுபடி டவுன்லோட் செய்ய வேண்டாம். இன்றே மாரோவிண்ட் ஃபோல்டரை அப்படியே இன்னொரு டிரைவில் நகலெடுத்து வையுங்கள். கோட் பேட்ச் அந்த நகலுக்கு மட்டும்.

கொளத்தூர்_குறுவாள் | 8:44

நகலெடுத்த பிறகு ஓப்பன்எம்டபிள்யூ எந்த ஃபோல்டரைப் பார்க்குதுன்னு சிஎஃப்ஜில முதல் டேட்டா வரியைச் சரிபாருங்க. மாட் எதுவும் தொடாத ஃபோல்டரா இருக்கணும்.