எஞ்சினில் கர்ர்ர் சத்தம், அவசரம்! திருத்தணி போகலாமா?

தண்டையார்பேட்டை தம்பி:
வணக்கம். கொஞ்ச நாளா என் கார் எஞ்சினில் ஒரு மாதிரி சத்தம். முன்பு இல்லை. இந்த ஞாயிறு குடும்பத்தோடு திருத்தணி போகணும். தெருமுனை மெக்கானிக் எஞ்சினை இறக்கிப் பார்க்கணும் என்கிறார். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

கொருக்குப்பேட்டை குரு:
என்ன வண்டி தம்பி?

தண்டையார்பேட்டை தம்பி:
சில்வர் கலர் அண்ணே. பெட்ரோல்.

கொருக்குப்பேட்டை குரு:
கலரை யார் கேட்டா? எந்த வருஷம், எவ்வளவு ஓடியிருக்கு, ஆயில் எப்போ மாத்தினது? காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது வருதா, சூடான பிறகா?

ராயபுரம் ராஜாளி:
எஞ்சினுக்குள் ஓடும் டைமிங் செயின்தான், சந்தேகமே வேண்டாம். மச்சான் வண்டியில் இப்படித்தான் ஆரம்பித்தது. திருத்தணியை மறந்துடு.

மணலி லோகு:
இப்போ போடுற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பெட்ரோல் தாறுமாறா வெடிச்சு எல்லா வண்டியும் டக்டக்னு நாக்கிங் அடிக்குது. வேற என்ன காரணம் இருக்கப் போகுது?

பழைய ஸ்பேனர்:
‘ஒரு மாதிரி சத்தம்’ என்று எழுதினால் ஜோசியம்தான் பார்க்க முடியும். சத்தத்தைச் சொல்லத் தெரியாதவர்களும் வண்டி ஓட்டுகிறார்கள், என்ன செய்ய.

ராஜாளி, செயின் தளர்ந்தால் காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் ஓரிரு நொடி கடகடக்கும். ஆயில் பிரஷர் ஏறி, செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் இறுகியதும் பெரும்பாலும் அடங்கிவிடும். லோகு, எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம், அதாவது தாறுமாறாகத் தானே வெடிக்காது, அதனால் நாக்கிங் குறையத்தான் செய்யும். மைலேஜ் போகுது என்று சொல், ஒத்துக்கொள்கிறேன். மூலக்கடை மேம்பாலத்தில் நாலாவது கியரிலேயே இழுத்தால் கேட்கிறதே, அதுதான் நாக்கிங். நின்ற இடத்தில் வராது.

மணலி லோகு:
பழைய வண்டியில் ரப்பர் ஹோஸ் ஊறிப்போகுதே, அதுவும் பொய்யா?

பழைய ஸ்பேனர்:
ஹோஸ் கர்ர்ர் என்று கத்துமா?

தண்டையார்பேட்டை தம்பி:
2014 மாடல், 80 ஆயிரம் சொச்சம். ஆயில் தீபாவளிக்கு மாத்தினது. நியூட்ரலில் நின்றாலும் கர்ர்ர் என்று அரைக்குது, ரேஸ் கொடுத்தால் கூடுது. ஏசி போட்டால் இன்னும் அதிகம். மழை அன்று கணேசபுரம் சப்வே தண்ணீரில் இறக்கினேன், அதிலிருந்துதான்.

கொருக்குப்பேட்டை குரு:
அடப்பாவி, இதை முதலிலேயே சொல்லக் கூடாதா!

வியாசர்பாடி வாசி:
அந்த சப்வேயில் மழைநாளில் எவனாவது கார் இறக்குவானா? பெரம்பூர் பக்கம் சுற்றிக்கொண்டு போக வேண்டியதுதானே.

தண்டையார்பேட்டை தம்பி:
முன்னால் ஒரு ஆட்டோ போச்சு அண்ணே.

பழைய ஸ்பேனர்:
கிளட்சை முழுதாக அழுத்திப் பார். சத்தம் நின்றால் கியர்பாக்ஸ் பேரிங். மாறவில்லை என்றால் எஞ்சினுக்கு வெளியே புல்லிகளைச் சுற்றும் பெல்ட் பக்கம் வா. எஞ்சின் ஆறிய பிறகு, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, பெல்ட்டைக் கழற்றச் சொல். ஒவ்வொரு புல்லியையும் விரலால் சுற்று. நல்ல பேரிங் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். கெட்டது உள்ளே மணல் அரைபடுவது போல நரநரக்கும், ஆட்டினால் ஆடும். பெல்ட்டைத் தாங்கித் திருப்பும் ஐட்லர், அதை இறுக்கும் டென்ஷனர், ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், ஏசி புல்லி என்று வரிசையாகப் பார். தண்ணீர் புகுந்து கிரீஸ் போயிருக்கும். இதற்கு எதற்கு எஞ்சினை இறக்குவது?

ராயபுரம் ராஜாளி:
புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைகளில் பேரிங் பாதி விலைக்குக் கிடைக்கும்.

கொருக்குப்பேட்டை குரு:
கதவு, கண்ணாடி, பம்பர் என்றால் புதுப்பேட்டை சரி. ஏற்கெனவே ஓடித் தேய்ந்த பேரிங்கை யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா? ஜி.பி. ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் புதுசு வாங்கு.

ராயபுரம் ராஜாளி:
ஜி.பி. ரோட்டில் மட்டும் டூப்ளிகேட் இல்லையா? பெட்டியைப் பார்த்து ஏமாறாதே. புதுப்பேட்டையில் ஒரிஜினலைக் கழற்றியே தருவார்கள்.

வியாசர்பாடி வாசி:
எந்த வண்டியில் கழற்றினதோ!

தண்டையார்பேட்டை தம்பி:
ஐட்லர் பேரிங்தான். புதுசு மாத்தியாச்சு, சத்தம் போச்சு. எல்லோருக்கும் நன்றி.

பழைய ஸ்பேனர்:
பெல்ட் புதுசா, பழையதையே மாட்டினார்களா? பழையது என்றால் உள்பக்க வரிகளின் ஓரம் பிரிந்திருக்கிறதா, வெடிப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார். வாட்டர் பம்ப் அடியில் கூலன்ட் கசிந்த கறை இருந்தால் அதையும் மாத்தாமல் திருத்தணி கிளம்பாதே.

ராயபுரம் ராஜாளி:
தம்பி, பேரிங் எங்கே வாங்கினது? அதை மட்டும் சொல்லிட்டுப் போ.