5 கம்பி அம்ப்ரெல்லா ரிக் பம்பரம் மாதிரி சுத்துது, ஸ்னாப் திறந்துக்குது: உதவி தேவை

அல்சூர்_தூண்டில்
வணக்கம். ஜனவரியில் ஆபீஸ் வேலையாக பெங்களூருவிலிருந்து டென்னசி மாநிலம் சட்டனூகா போகிறேன், ஆறு வாரம். சனி ஞாயிறில் சிக்கமாகா ஏரியில் லார்ஜ்மவுத் பாஸ் மீனுக்கு முயற்சி செய்ய, ஆன்லைனில் 400 ரூபாய்க்கு 5 கம்பி அம்ப்ரெல்லா ரிக் ஒன்று வாங்கினேன் (ஒரு தலையிலிருந்து குடைக் கம்பி மாதிரி கம்பிகள் விரிந்து, ஒவ்வொரு முனையிலும் ஒரு லூர், அதாவது போலி இரை, மாட்டுகிற அமைப்பு). இங்கே கட்டணக் குளம் ஒன்றில் போட்டுப் பார்த்தேன். இழுக்கும்போது முழு ரிக்கும் சுத்துகிறது, பிரெய்டு (பின்னல் நூல்) முறுக்கேறிவிட்டது. லூரை மாட்டுகிற கொக்கியான ஸ்னாப் ஒன்று தானாகத் திறந்து லூர் போச்சு. வீசினால் பத்தில் நாலு தடவை லூர்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்கின்றன.

ராடு 7 அடி மீடியம் ஹெவி, தாங்கும் லூர் எடை 10–28 கிராம் என்று எழுதியிருக்கிறது. 30 பவுண்டு பிரெய்டு. ஐந்து கம்பியிலும் 7 கிராம் ஜிக் ஹெட் (ஈயத்தலை முள்), அதில் 3.5 இன்ச் துடுப்பு வால் ஸ்விம்பெய்ட் (ரப்பர் மீன்). ரிக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு விலை கூடியது வாங்கணுமா?

விரால்பித்தன்
முதல் விஷயம், டென்னசியில் ஒரு ரிக்கில் 3 முள்ளுக்கு மேல் கூடாது. ஐந்து முள்ளோடு படகில் ஏறாதீங்க. லைசென்ஸ் வாங்கும்போது அந்த மாநிலத்தின் அந்த வருட விதிப் புத்தகத்தையும் ஒரு தடவை படிச்சிடுங்க. மாநிலத்துக்கு மாநிலம் கணக்கு மாறும்.

ஈயக்குண்டு
தூக்கிப் போட வேண்டாம். மேலே நண்பர் சொன்ன அந்த 3 முள் விதியே உங்க பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும்.

ரிக் ஏன் சுத்துது? விலை கூடிய ரிக்கில் தலை மீன் வடிவில் இருக்கும், எது மேல் எது கீழ் என்று அதுவே நிலைத்து நிற்கும். மலிவான ரிக்கில் தலை உருண்டை. நாலு பக்கமும் ஒரே எடை தொங்கினால் அதற்கு மேல் கீழ் தெரியாது, கொஞ்சம் கோணல் இருந்தாலும் சுழலத் தொடங்கும். அதனால் அடிப்பக்கத்தை நாமதான் கனமாக்கணும். கீழ் இரண்டு கம்பியில் 7 கிராம் ஜிக் ஹெட், நடுக்கம்பியில் 3.5 கிராம். மேல் இரண்டில் ஈயமும் வேண்டாம், முள்ளும் வேண்டாம். திருகு ஸ்பிரிங் மட்டும் மாட்டி, அதில் ஸ்விம்பெய்ட்டைத் திருகி விடுங்க. அது வெறும் அலங்காரம், கூட்டமாகப் போகிற சின்ன மீன் என்று பாஸ் நம்பினால் போதும். தலையின் மேல்பக்கத்தில் நெயில் பாலிஷ் பொட்டு ஒன்று வையுங்க, அடுத்த தடவை குழப்பம் வராது.

முன்னால் ஒரு பால் பேரிங் ஸ்விவல் (சுழலும் இணைப்பு) போட்டால் சரியாகும் என்று யாராவது சொல்வாங்க. பிரெய்டு முறுக்கேறாது, அவ்வளவுதான். ரிக் சுத்திக்கொண்டேதான் இருக்கும்.

கம்பியை விரிக்கும்போது அடியில் மடக்காதீங்க, அங்கேதான் உலோகம் களைத்து ஒடியும். தலையிலிருந்து 2 செ.மீ. தள்ளி மூக்குக் குறடால் பிடித்து, அதற்கு அப்பால் கட்டை விரலால் மெதுவாக வளைக்கணும். 20 செ.மீ. கம்பி என்றால் பக்கத்துப் பக்கத்து முனைகளுக்கு நடுவே 14 செ.மீ. இருக்கட்டும், ஸ்கேல் வைத்தே அளங்க. நடுக்கம்பி நேராக இருக்கணும். ஒவ்வொரு தடவையும் மடக்கி விரிப்பதுதான் மலிவான ரிக்கைக் கொல்லும். பாதி விரித்தபடியே அகலமான டப்பாவில் வையுங்க.

ஸ்னாப் எல்லாத்தையும் கழற்றிப் போடுங்க. இதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. மலிவானதில் கொக்கி முனை தகட்டுக்குள் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும், பக்கவாட்டில் இழுத்தால் நழுவிடும். முனை கம்பியைச் சுற்றி மாட்டுகிற கிராஸ்-லாக் வகையை வாங்குங்க. வாங்கியதையும் நம்பாமல், வீட்டில் பெட்டி எடை பார்க்கிற லக்கேஜ் தராசில் மாட்டி, துணி சுற்றிப் பிடித்து, ஒவ்வொன்றையும் 12 கிலோ வரை இழுத்துப் பாருங்க. திறந்தது குப்பைக்கு.

கோட்டை_மீனவன்
எல்லாம் சரி, ராடைப் பற்றி யாரும் பேசலையே. கணக்குப் போடுங்க: ரிக் 20 கிராம், ஐந்து ஜிக் ஹெட் 35, ஐந்து ஸ்விம்பெய்ட் 30. மொத்தம் 85 கிராம். 28 கிராம் ராடில்! நுனி இன்னும் ஒடியாதது உங்க அதிர்ஷ்டம்.

லூர்கள் சிக்குவதும் இதனால்தான். எடை தாங்காத ராடை வெடுக்கென்று சுண்டுறீங்க, கம்பிகள் உள்பக்கமாகக் குவியுது. 7.5 அடிக்குக் குறையாத, 80 கிராமுக்கு மேல் தாங்கும் ராடு வேணும். நுனிக்கும் ரிக்குக்கும் நடுவே இரண்டடி தொங்கவிட்டு, பின்னால் மெதுவாகக் கொண்டுபோய், எடை ராடில் ஏறியதும் தூக்கி எறியணும். தண்ணீரில் விழுவதற்குச் சற்று முன் பிரெய்டை விரலால் தடுத்தால் லூர்கள் நேராகப் பிரிந்து விழும்.

பிரெய்டு 65 பவுண்டாவது வேணும். முடிச்சுக்குப் பாலோமர் வேண்டாம், முழு ரிக்கையும் வளையத்துக்குள் நுழைக்கணும், பெரிய கூத்து. யூனி முடிச்சு, 8 சுற்று.

அல்சூர்_தூண்டில்
மிக்க நன்றி. இந்த ராடே வைத்துக்கொள்ள வழி இருக்கா? இங்கே ஏரி விராலுக்கும் இந்த ரிக் ஆகுமா?

கோட்டை_மீனவன்
ராடு மாற்ற முடியாதென்றால் 3 கம்பி சின்ன ரிக். ரிக் 10, மூன்று 3.5 கிராம் ஹெட், மூன்று 3 இன்ச் ஸ்விம்பெய்ட், சுமார் 32 கிராம் வரும். மெதுவாகத் தூக்கிப் போட்டால் சமாளிக்கலாம்.

விரால்பித்தன்
விராலுக்கு ஆகவே ஆகாது. அது ஆகாயத்தாமரை ஓரத்தில் தனியாகப் பதுங்கி இருக்கிற மீன், நம்ம ஏரியில் இந்தக் குடையை வீசினால் களை அள்ளத்தான் உதவும். விராலுக்குத் தவளை லூரே போதும்.

பாஸ் கதை வேறு. குளிரில் அடித் தரையை விட்டு நடுத்தண்ணியில், அதன் இரையான ஷாட் (shad) என்கிற சின்ன மீன் கூட்டத்துக்குக் கீழே நிற்கும். 2011 அக்டோபரில் பால் எலியாஸ் இந்த ரிக்கால் போட்டி ஜெயித்த கண்டர்ஸ்வில் ஏரியும் அதே டென்னசி ஆற்றில்தான், நீங்க போகிற இடத்துக்குக் கீழே. படகில் எக்கோ சவுண்டர் இருந்தால் முதலில் ஷாட் கூட்டம் எந்த ஆழத்தில் என்று பாருங்க. ரிக் எத்தனை நொடியில் எவ்வளவு இறங்குது என்று ஆழம் தெரிந்த இடத்தில் எண்ணிப் பழகுங்க. கூட்டத்துக்குள்ளோ சற்று மேலோ, ஒரே சீரான மெதுவான வேகத்தில் இழுக்கணும். பாஸ் மேல்நோக்கி வந்து தாக்கும், அதனால் ரிக் அதற்குக் கீழே போனால் வேலைக்கு ஆகாது. கடி தெரிந்ததும் சுண்டாதீங்க, ராடு வளையும் வரை ரீலைச் சுற்றிக்கொண்டே இருங்க.

முள், குறடு எல்லாம் செக்-இன் பெட்டியில்.

அல்சூர்_தூண்டில்
எடை மாற்றி, ஸ்னாப் மாற்றி, நண்பரின் கனமான கடல் ராடில் போட்டுப் பார்த்தேன். சுத்தல் நின்றது, சிக்கலும் இல்லை. ஆனால் இழுக்கும்போது இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்தபடி வருது.

ஈயக்குண்டு
கீழ் இரண்டு கம்பியில் ஒன்று கூடுதலாக விரிந்திருக்கும், அளந்து சமமாக்குங்க. அப்புறமும் சாய்ந்தால் ஸ்விம்பெய்ட் முள்ளில் கோணலாக ஏறியிருக்கா பாருங்க, கழற்றி நேராகக் குத்துங்க. கரையோரம் 3 மீட்டர் இழுத்தாலே தெரிந்துவிடும், வீசிப் பார்க்கத் தேவையில்லை.