புதுப்பிப்பு: சுங்குடிக் கம்மலில் பச்சைக் கறை

பித்தளை வட்டில் மதுரைச் சுங்குடித் துணி ஒட்டிச் செய்த கம்மல், நாலு நாளில் ஓரமெல்லாம் பச்சையாகிவிட்டது, சாயம் போகிறதா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பாவம், சாயத்தின் மேல் வீண்பழி. அதே துணியின் மிச்சத் துண்டை உப்புத் தண்ணீரில் நனைத்து, ஒரு பாதி பித்தளை மேலும் மறு பாதி கண்ணாடி மேலும் படும்படி ராத்திரி முழுக்க வைத்தேன். காலையில் பித்தளைப் பக்கம் மட்டும் பச்சை. பித்தளையில் இருக்கும் செம்பு வியர்வை பட்டுக் களிம்பேறுகிறது, அவ்வளவுதான்.

இப்போது வட்டைப் புளி போட்டுத் தேய்த்து, நன்றாகக் காயவைத்து, நிறமில்லாத நகப்பூச்சு இரண்டு பூச்சு. பசையையும் விட்டுவிட்டேன், ஈரம் துணியில் ஊறி, சாயம் தோய்க்கும் முன் துணியில் முடிச்சு போட்ட இடத்து வெள்ளைப் புள்ளி மங்கிவிடுகிறது. ஓரத்தில் பன்னிரண்டு துளை போட்டுப் பட்டு நூலால் தைக்கிறேன். கை வலிக்கிறது, ஆனால் புள்ளி சரியாக நடுவில் நிற்கிறது.

அப்புறம் கொக்கி. ஜெர்மன் சில்வர் போட்டதில் தங்கைக்குக் காது அரித்தது. பேரில்தான் சில்வர்; உள்ளே செம்பு, துத்தநாகம், நிக்கல். அரிப்புக்கு நிக்கல்தான் காரணமாக இருக்கும். நிஜ வெள்ளிக் கொக்கிக்கு மாறியாயிற்று. விலையைச் சொன்னால்தான் வாங்குபவர்கள் முகம் மாறுகிறது.