18,000 ரூபாய் ஆம்ப்பை (ஆம்ப்ளிஃபையரை) விட்டு 75,000-க்குப் போனால் சவுண்டு நல்லாகுமா?

மொட்டைமாடி:
அறை 12க்கு 10 அடி, டைல்ஸ் தரை. ஸ்பீக்கர் 8 ஓம், சென்சிட்டிவிட்டி 86 டெசிபல். ஆம்ப் சேனலுக்கு 40 வாட். கடையில் இதே ஸ்பீக்கரை 100 வாட் ஆம்ப்பில் போட்டார்கள், பேஸ் (அடித்தொனி) கிண்ணென்று இருந்தது. மாற்றலாமா?

திருகுகுமிழ்:
வேண்டாம். 86 டெசிபல் என்றால் 1 வாட்டுக்கு 1 மீட்டரில் வரும் சத்தம். ரெண்டு ஸ்பீக்கரும் ஓடும்போது இரண்டரை மீட்டர் தள்ளி உட்கார்ந்தாலும் ஒரு வாட்டிலேயே 80-ஐத் தாண்டும். வீட்டில் சராசரியாகக் கால் வாட் போதும். தவில் அடி விழும்போது 20 டெசிபல் எகிறினால் 100 மடங்கு பவர், அதாவது 25 வாட். உங்கள் 40-க்குள் அடங்கிவிட்டது. 100 வாட்டுக்குப் போனால் கூடுதலாகக் கிடைப்பது 4 டெசிபல்தான். இரு மடங்கு சத்தமாகக் காதில் விழ 10 டெசிபல் வேண்டும்.

செம்புக்கம்பி:
இவருக்குச் சரி, எல்லாருக்கும் இல்லை. 82 டெசிபல், 4 ஓம் ஸ்பீக்கரைப் பெரிய ஹாலில் வைத்தால் சின்ன ஆம்ப் கிளிப் ஆகும். அலையின் தலை வெட்டுப்பட்டு ட்வீட்டர் (கீச்சொலிக்கான சின்ன ஸ்பீக்கர்) காயில் புகையும். அங்கே ஆம்ப்புக்குக் கொடுக்கும் கூடுதல் காசு, ஸ்பீக்கருக்கு அதிகக் கரென்ட் தரும் திறனுக்கும் பவர் சப்ளைக்கும் போகிறது, நியாயம்தான். அப்புறம் பெட்டியில் அச்சடித்த வாட்டை நம்பாதீர்கள். 12 வோல்ட் அடாப்டரில் ஓடும் குட்டி ஆம்ப், 8 ஓமில் கிளிப் ஆகாமல் 9 வாட்டைத் தாண்டவே முடியாது. மேலே 100 என்று போட்டிருப்பான்!

மொட்டைமாடி:
அப்போ கடையில் கேட்டது?

திருகுகுமிழ்:
ஒரு டெசிபல் கூட இருந்தாலே காது அதை 'சத்தம் அதிகம்' என்று சொல்லாது, 'தெளிவு' என்றுதான் சொல்லும். லவுட்னஸ் பட்டன் அமுங்கியிருந்தால் பேஸும் கூடிவிடும். சோதிக்க வேண்டுமென்றால் டோன் கன்ட்ரோல், லவுட்னஸ் எல்லாம் ஆஃப். 100 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் டெர்மினலில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வையுங்கள். ரெண்டு ஆம்ப்பிலும் 2 வோல்ட் வரும்படி வால்யூமைத் திருப்புங்கள், 0.02 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் கூடாது. வயர் மாற்றும்போது ரெண்டையும் ஆஃப் செய்யணும், ஷார்ட் ஆனால் ஆம்ப்பின் அவுட்புட் பகுதி எரிந்துபோய்விடும். எது ஓடுகிறது என்று உங்களுக்குச் சொல்லாமல் வேறொருவர் 16 தடவை மாற்றட்டும். 12-க்கு மேல் சரியாகச் சொன்னால் வாங்குங்கள்.

செம்புக்கம்பி:
அதற்கு முன்னால் தரையில் தடிமனான ஜமுக்காளம், பக்கச் சுவரில் கனமான திரை. ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னால் இழுங்கள். மூலையில் ஒட்டியிருந்தால் பேஸ் கொழகொழவென்றுதான் வரும், எந்த ஆம்ப் போட்டாலும். வயருக்கு எலக்ட்ரிக்கல் கடை 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு போதும்.