இரவில் மெயின் சுவிட்சை அணைத்தால், காலையில் கணினியின் தேதி 2016-க்குப் போய்விடுகிறது. உதவி தேவை

மருந்தாளுநர், தென்காசி:
அனைவருக்கும் வணக்கம். அப்பாவுக்குப் பிறகு எங்கள் மருந்துக் கடையை நான் நடத்தி வருகிறேன். பில் போடுவதற்கு ஒரு பழைய மேசைக் கணினியைப் பயன்படுத்துகிறோம். இரவில் கடையைப் பூட்டும்போது, இன்சுலின் இருக்கும் குளிர்பதனப் பெட்டிக்கான தனி இணைப்பைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மெயின் சுவிட்சில் அணைத்துவிடுவது வழக்கம். மூன்று வாரங்களாக, காலையில் கணினியைத் திறந்ததும் கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஏதோ பிழைச் செய்தி வந்து, எஃப் 1 விசையை அழுத்தச் சொல்கிறது. அழுத்தினால் விண்டோஸ் வழக்கம்போல் திறக்கிறது, ஆனால் தேதி மட்டும் 1-1-2016 என்று காட்டுகிறது. வங்கியின் இணையதளமும் பாதுகாப்பற்றது என்று சொல்லித் திறக்க மறுக்கிறது.

சென்ற திங்கட்கிழமை வரை இதை ஒரு சிறு தொந்தரவாகவே நினைத்திருந்தேன். அன்று காலை ஒரு வயதான அம்மா இரத்த அழுத்த மாத்திரை வாங்க வந்தார். தட்டின் பின்வரிசையிலிருந்து அட்டையை எடுத்து, அதன் தொகுதி எண்ணைப் பதிந்து, பில்லையும் அச்சிட்டுவிட்டேன். பத்து மாத்திரைகளை வெட்டுவதற்காகக் கத்திரிக்கோலை வைத்தபோதுதான் அட்டையின் ஓரத்தில் இருந்த காலாவதி மாதம் கண்ணில் பட்டது. அந்த மாதம் முடிந்து இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. காலாவதியான தொகுதியைப் பதிந்தால் எங்கள் மென்பொருள் சிவப்பு வரியில் எச்சரித்து பில்லை நிறுத்த வேண்டும். கணினியைப் பொறுத்தவரை அது 2016 ஆம் ஆண்டு என்பதால் எந்த எச்சரிக்கையும் வரவில்லை. அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை.

இங்குள்ள ஒரு பழுதுபார்ப்பு நிலையத்தில் கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகையான மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். அது உண்மையிலேயே தேவையா?

வாசகர், ஈரோடு:
திரையின் கீழ் மூலையில் உள்ள கடிகாரத்தை வலது சொடுக்கிச் சரியான தேதியை அமைத்துவிடுங்கள், போதும்.

மருந்தாளுநர், தென்காசி:
தினமும் அப்படித்தான் செய்கிறேன், ஐயா. மறுநாள் காலையில் மீண்டும் 2016-க்குப் போய்விடுகிறது.

வன்பொருள் பழுதுநீக்குநர், மதுரை:
சகோதரி, மதர்போர்டை மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். தேதியைச் சரியாக அமைத்த பின், மெயின் சுவிட்சைத் தொடாமல் கணினியை மட்டும் அணைத்து, கால் மணி நேரம் கழித்துத் திறங்கள். தேதி நிற்கிறதா, போய்விடுகிறதா?

மருந்தாளுநர், தென்காசி:
இப்போதுதான் செய்து பார்த்தேன். தேதி சரியாகவே நிற்கிறது.

வன்பொருள் பழுதுநீக்குநர், மதுரை:
அப்படியானால் மதர்போர்டில் குறை இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அதன் மேல் ஒரு ரூபாய் நாணயம் போல வட்டமாக ஒரு பட்டன் பேட்டரி இருக்கும், அது தீர்ந்திருக்கிறது. அதன் மேல் சிஆர் 2032 என்று பொறித்திருப்பார்கள். அதில் 20 என்பது விட்டம் 20 மில்லிமீட்டர் என்பதையும், 32 என்பது தடிமன் 3.2 மில்லிமீட்டர் என்பதையும் குறிக்கும்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது தெரிந்தால் யாரும் உங்களிடம் தேவையற்ற செலவு வைக்க முடியாது. அணைத்துவைத்த கணினியிலும் ஒரு சிறு கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்குள் இருக்கும் குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கிக்கொண்டே வந்தால் சரியாக ஒன்று வரும், அதுவே ஒரு நொடி. கைக்கடிகாரத்திலும் இதே படிகம்தான் இருக்கிறது. சுவரிலிருந்து மின்சாரம் வரும்வரை, கணினி அணைந்திருந்தாலும், மின்வழங்கிப் பெட்டி அந்தக் கடிகாரத்துக்குச் சிறிதளவு மின்சாரம் தந்துகொண்டே இருக்கும். நீங்கள் மெயினை அணைத்த பிறகு முழுப் பாரமும் அந்தப் பட்டன் பேட்டரியின் மேல் விழுகிறது. இரவுதோறும் அணைப்பதால் உங்கள் பேட்டரி மற்றவர்களுடையதைவிட முன்னதாகவே தீர்ந்திருக்கும். அது தீர்ந்ததும் கடிகாரம் நினைவிழந்து, தயாரிப்பாளர் முன்கூட்டியே வைத்த தொடக்கத் தேதியைக் காட்டுகிறது.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். மின்கம்பியைச் சுவரிலிருந்து முழுவதுமாகக் கழற்றுங்கள். பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னை வெளியேற்றிய பின் கையை உள்ளே விடுங்கள். பழைய பேட்டரி இருக்கும் நிலையைக் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், கூட்டல் குறி உள்ள பக்கம் மேலே இருக்க வேண்டும். பக்கவாட்டில் உள்ள சிறு கொக்கியை நகத்தால் தள்ளினாலே பேட்டரி எழும்பிவிடும், திருப்புளியால் நெம்பாதீர்கள். மல்டிமீட்டர் கிடைத்தால் அளந்து பாருங்கள். புதியது 3 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டும், 2.7-க்குக் கீழே இருந்தால் சந்தேகமே வேண்டாம். மாற்றிய பின் எஃப் 1 கேட்கும் அதே கறுப்புத் திரை வழியாக அமைப்புப் பக்கத்துக்குச் சென்று தேதியையும் நேரத்தையும் பதிந்து சேமியுங்கள்.

மென்பொருள் பொறியாளர், சென்னை:
வங்கித் தளம் திறக்காததற்கும் இதே காரணம்தான். பாதுகாப்பான ஒவ்வொரு இணையதளமும் ஒரு சான்றிதழை வைத்திருக்கிறது. அது எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கும், சில சான்றிதழ்களின் ஆயுள் 90 நாட்கள் மட்டுமே. உங்கள் கணினி தன்னை 2016-இல் இருப்பதாக நம்புவதால், இன்றைய சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை என்று கருதி மறுக்கிறது. அந்த எச்சரிக்கையைத் தாண்டி உள்ளே போகும் பழக்கம் வேண்டாம், ஏனெனில் உண்மையிலேயே ஒரு மோசடித் தளம் வரும் நாளிலும் அதே எச்சரிக்கைதான் வரும்.

இணையத்திலிருந்து நேரத்தைப் பெற்றுத் தன்னைத் திருத்திக்கொள்ளும் வசதி விண்டோஸில் இருக்கிறதே என்று கேட்கலாம். ஆனால் சிறு பிசகைத் திருத்துவதற்காக அமைந்த வசதி அது. வேறுபாடு ஆண்டுக்கணக்கில் இருந்தால், வந்த நேரத்தையே சந்தேகித்து அது ஒதுங்கிவிடக்கூடும்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது உங்கள் பில் மென்பொருளின் மீதுதான். நேற்றைய கடைசி பில்லின் தேதி அதனிடமே இருக்கிறது. இன்றைய தேதி அதற்கும் முந்தையது என்றால், முதல் பில்லைப் போடும் முன்பே அது நின்று கேள்வி கேட்டிருக்க வேண்டும். மருந்து விற்கும் இடத்துக்கு எழுதும் மென்பொருளில் இந்த ஒரு சோதனைகூட இல்லாததை என்னால் ஏற்க முடியவில்லை. தயாரித்தவர்களிடம் எழுத்து மூலமாகக் கேளுங்கள்.

மருந்தகம் நடத்துபவர், திருச்சி:
சகோதரி, தவறான தேதியுடன் போன பில்களை அழித்துவிடாதீர்கள். பில் எண்களைக் குறித்துவைத்துக்கொண்டு, எப்படித் திருத்துவது என்று ஆடிட்டரிடம் கேளுங்கள். அந்த நாட்களில் எச்1 அட்டவணை மருந்துகள், அதாவது மருத்துவர் சீட்டின் பேரில் மட்டுமே விற்றுத் தனியே பதிய வேண்டிய மருந்துகள், போயிருந்தால், அவற்றுக்கான தனிப் பதிவேட்டை மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். பதிவேட்டின் தேதியும் பில்லின் தேதியும் முரண்பட்டால் ஆய்வின்போது விளக்கம் சொல்ல நேரிடும்.

மருந்தாளுநர், தென்காசி:
பேட்டரியை மாற்றிவிட்டேன். பழையதில் 1.9 வோல்ட்தான் இருந்தது. குழந்தைகள் இவ்வகைப் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துவிடக்கூடும் என்பதால், பழையதை இருபுறமும் ஒட்டுநாடா சுற்றித் தனியே எடுத்துவைத்தேன். இதை மாற்றும் மற்றவர்களும் அவ்வாறே செய்யும்படி வேண்டுகிறேன்.

மூன்று நாட்களாகத் தேதி சரியாக இருக்கிறது. ஆனால் இன்று காலை ஒரு புதுக் குழப்பம். தேதி சரி, நேரம் மட்டும் ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கிறது. ஒன்பதரை மணிக்குக் கடையைத் திறந்தேன், கணினி நான்கு மணி என்கிறது. புதிய பேட்டரியும் குறையுள்ளதா?

வன்பொருள் பழுதுநீக்குநர், மதுரை:
பேட்டரி தீர்ந்தால் நேரம் இவ்வளவு துல்லியமாகப் பின்வாங்காது. அந்தக் கணினியில் விண்டோஸைத் தவிர வேறு இயங்குதளம் ஏதேனும் இருக்கிறதா?

மருந்தாளுநர், தென்காசி:
ஆம், ஐயா. தம்பி கல்லூரிப் பாடத்துக்காக லினக்ஸ் நிறுவியிருக்கிறான். நேற்று இரவு கடையில் அமர்ந்து அதைத்தான் பயன்படுத்தினான்.

மென்பொருள் பொறியாளர், சென்னை:
காரணம் அதுதான். இந்திய நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. லினக்ஸ் வழக்கமாக மதர்போர்டின் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதிவைத்து, திரையில் காட்டும்போது ஐந்தரையைக் கூட்டிக்கொள்ளும். விண்டோஸோ அதே கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொண்டு அப்படியே காட்டிவிடும். மதர்போர்டின் கடிகாரத்தை உள்ளூர் நேரமாகக் கருதும்படி லினக்ஸில் ஓர் அமைப்பு உண்டு, தம்பியிடம் சொல்லி அதை இயக்கச் செய்யுங்கள். எனினும், கடையின் பில் கணினியில் பாடம் படிக்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

மருந்தாளுநர், தென்காசி:
தம்பி அந்த அமைப்பை மாற்றிவிட்டான். அதன் பின் இரண்டு இயங்குதளங்களையும் மாறி மாறித் திறந்து பார்த்தோம், நேரம் சரியாக நிற்கிறது. வங்கித் தளமும் திறக்கிறது. நேற்று மாலை கடையை ஒரு மணி நேரம் முன்னதாகவே மூடி, தட்டுகளிலிருந்த ஒவ்வோர் அட்டையையும் நானும் உதவியாளரும் கையில் எடுத்துக் காலாவதி மாதத்தைப் படித்தோம். மேலும் மூன்று அட்டைகள் கிடைத்தன, அவற்றைத் தனியே கட்டிவைத்துவிட்டேன். அந்த மூன்று வாரங்களில் அதே தொகுதிகளிலிருந்து யாருக்காவது கொடுத்திருக்கிறோமா என்று பில்களை ஒவ்வொன்றாகப் பார்த்ததில் இரண்டு பேருக்குப் போயிருந்தது தெரிந்தது. இருவரையும் நேரில் சென்று பார்த்து, எஞ்சியிருந்த மாத்திரைகளைத் திரும்பப் பெற்று, புதியவற்றைக் கொடுத்து, மருத்துவரிடமும் தெரிவிக்கும்படி சொல்லிவிட்டு வந்தேன். மென்பொருள் தயாரிப்பாளர்களுக்கும் கடிதம் அனுப்பியிருக்கிறேன். உதவிய அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி.